நீயும் எல்லாரும் ஒண்ணா

நவம்பர் 9, சனி

காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரி உலகு சொன்னாள்: "டிசம்பர் மூணாம் தேதி நீங்க மட்டும் ஊருக்குப் போங்க அத்தான். நான் மார்ச்சு வரைக்கும் இருந்துட்டு வாரேன்."

ஏதோ தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். மகள் மதி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளை திருமலை போனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஆக, எனக்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தென்காசி பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி கிளம்பும், எந்த வண்டி கிளம்பாது என்று ஊருக்கெல்லாம் மைக்கில் சொன்னவன். என் வீட்டு வண்டி கிளம்பாது என்பதை எனக்குத்தான் கடைசியாகச் சொல்கிறார்கள்.

"பேரனைப் பாத்துக்கிடவா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான்" என்றாள்.

அதுவும்தான் என்றால் வேறு எது என்று அப்போதே கேட்டிருக்கலாம். தோசை ஆறிவிடும் என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

இந்த ஊருக்குப் பெயர் கொலம்பஸ். ஒஹையோ மாநிலம். மதியின் பேறுகாலத்துக்காக செப்டம்பரில் வந்தோம். பேரன் நல்லபடியாகப் பிறந்தான், என் மூக்கு, அவன் அப்பா காது. வந்த வேலை முடிந்தது. என்னால் இங்கே ஒரு நாள்கூடக் கூடுதலாக இருக்க முடியாது. தெருவில் நடந்தால் நாய் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் எதிரே வருகிறார்கள். நேற்று முதல் பனி வேறு.

உலகு ஏன் என்னோடு வர வேண்டும் என்று இன்று யோசித்துப் பார்த்தேன். தென்காசி வீட்டில் மோட்டார் போட்டால் எப்போது நிறுத்துவது என்று அவளுக்குத்தான் தெரியும், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கேஸ் சிலிண்டர் மாற்ற எனக்கு வராது. மார்கழி வருகிறது, வாசலில் கோலம் இல்லாவிட்டால் தெருவில் என்ன நினைப்பார்கள்? பால்காரர் இவளைக் கேட்டுத்தான் அளவு ஊற்றுவார்.

இதெல்லாம் வீட்டு நிர்வாகம். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, புதன்

இன்றும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு. நன்றாக இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

உலகு குளிக்கப் போன நேரம் பார்த்து மதியைப் பிடித்தேன். "ஏளா, உனக்கு ஒத்தாசை வேணும்னா நேரடியா எங்கிட்ட சொல்லு. உங்க அம்மையை ஏன் இழுத்துப் பிடிச்சு வைக்க?"

"எனக்காக இல்லப்பா. ஜனவரியில பிள்ளையைக் காப்பகத்துல விடப் போறோம். பதிஞ்சாச்சு. அம்மாவை நான் ஆயா வேலைக்கு வச்சிக்கிட மாட்டேன்."

"அப்போ எதுக்குத்தான் இருக்கா?"

"அம்மாகிட்டயே கேளுங்க."

"நீதான் சொல்லேன்."

"அப்பா, முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க. நடுவுல நான் என்ன தூதா?"

பெற்ற பிள்ளை இப்படிப் பேசுகிறது. குளியலறைக் கதவு திறந்தது, நான் பேரனைக் கொஞ்சுவதுபோல் குனிந்துகொண்டேன். ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்காகவும் இல்லை, மகளுக்காகவும் இல்லை என்றால் ஒரு பொம்பளைக்கு வெளிநாட்டில் என்ன வேலை?

நவம்பர் 19, செவ்வாய்

எதிர்வீட்டில் டோனா என்று ஓர் அம்மாள். எழுபது வயதிருக்கும், தனிக்கட்டை. செவ்வாயும் வியாழனும் உலகு அவருடைய காரில் எங்கோ போய் வருவாள். கோயில் மாதிரி ஏதோ இடம், இல்லாவிட்டால் காய்கறிக் கடை என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

இன்று சால்வையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மதி, "நூலகத்துக்குத்தான்பா போயிருக்காங்க, நடக்கிற தூரம்தான்" என்றாள். சரி, குளிரில் விறைத்துவிடப் போகிறாள் என்று சால்வையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நூலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அறை. உள்ளே வட்டமாக நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீனாக்காரர் மாதிரி ஒருவர், முக்காடு போட்ட இரண்டு பெண்கள், நடுவே வாத்தியாரம்மா. உலகு எழுந்து நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றாள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, சிரிக்கவில்லை, காத்துக்கொண்டு இருந்தார்கள். அவளே கண்டுபிடித்துச் சொல்லி முடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவள் கொண்டுபோயிருந்த முறுக்கு டப்பாவைச் சுற்றி விட்டார்கள். ஒவ்வொருத்தரும் எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னார்கள். வாத்தியாரம்மா இரண்டு தடவை சொன்னார்.

என் பெண்டாட்டி முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. முறுக்குக்கா இவ்வளவு? நம் வீட்டில் டின் டின்னாகச் சுடுகிறாளே!

ஏன் உள்ளே போகாமல் திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. சால்வையை நானே போர்த்திக்கொண்டு வந்தேன். சாயங்காலம் டோனா அவளை இறக்கிவிட வந்தபோது என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், உங்கள் மனைவிதான் வகுப்பிலேயே தைரியசாலி, மார்ச்சில் வகுப்பு முடியும்போது அவர்தான் மேடையில் பேசப் போகிறார் என்று. ஓகோ, மார்ச்சு என்பது இதுதானா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் படிப்பதற்காகவா ஒருத்தி புருஷனைத் தனியே அனுப்புவாள்? தென்காசியில் யாரோடு இங்கிலீஷ் பேசப் போகிறாள்?

நவம்பர் 23, சனி

வருகிற வியாழக்கிழமை இந்த நாட்டுக்கு நன்றி சொல்லும் நாளாம். திருமலை விளக்கினார். அன்றைக்கு எல்லாக் கடையும் மூடிவிடும், எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் ஆளாளுக்கு எதற்கெல்லாம் நன்றியோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

"யாருக்குச் சொல்லணும் மாப்பிள்ளை? சாமிக்கா?"

"சாமிக்கும் சொல்லலாம் மாமா. பெரும்பாலும் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான்."

வீட்டு ஆளுக்கு நன்றியா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கு அந்த வழக்கமே கிடையாதே. கண்டக்டர் சில்லறை கொடுத்தால் நன்றி சொல்லலாம், டாக்டருக்குச் சொல்லலாம். சொந்தத் தாய்க்கும் தாரத்துக்கும் சொன்னால் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது மாதிரி. இதே திருமலை கல்யாணமான புதிதில், உலகு பாயசம் ஊற்றியதற்கு 'தேங்க்ஸ் அத்தை' என்று சொல்லிவிட்டார். இவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்களை அந்நியமா நெனைக்கீயளா மாப்பிள்ளை?" என்று கேட்டேவிட்டாள். பாவம், அவர் அன்றைக்கு இரண்டு கிண்ணம் கூடுதலாகக் குடித்துத்தான் சமாதானம் செய்தார்.

அந்த உலகுதான் இன்று, "நல்ல வழக்கமாத்தான் இருக்கு" என்கிறாள். வியாழக்கிழமைக்கு டோனாவையும் கூப்பிட்டுவிட்டாள்.

நவம்பர் 26, செவ்வாய்

விருந்துக்குச் சொதி வைக்கப் போகிறாளாம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு அது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. "டோனாவுக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டேன். மதி சிரித்தாள்.

ஃப்ரீசரிலிருந்து முருங்கைக்காய் எடுத்துக் கொடுத்தேன். உலகு வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றாள்.

என்னிடம்தான். பின்னால் வேறு யாரும் நிற்கவில்லை, திரும்பிப் பார்த்தேன்.

நவம்பர் 28, வியாழன்

கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம் தீராது.

மதியம் டோனா வந்தார். கையில் பூசணிக்காயில் செய்த இனிப்பு, தட்டு நிறைய. ஊரெல்லாம் வான்கோழி சாப்பிடுகிற நாளில் நம் வீட்டுச் சைவச் சாப்பாட்டுக்கு முழுமனதாக வந்து உட்கார்ந்தது பெரிய விஷயம். உலகு பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கடைசியாக அதை மதி கல்யாணத்தில் பார்த்தது.

முதலில் டோனா. அவர் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறதாம். விடியும் முன்னே விழிப்பு வந்துவிடுமாம், எழுந்து என்ன செய்வது என்று தெரியாதாம். செப்டம்பரிலிருந்து அந்த நேரத்தில் எங்கள் சமையலறை ஜன்னலில் விளக்கு எரிகிறது, அந்த விளக்குக்கு நன்றி என்றார். மதி எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கே புரிந்திருந்தது. விளக்குப் போடுகிறவள் உலகுதான்.

பிறகு திருமலை, பிறகு மதி. மதி, பிள்ளை நல்லபடியாகக் கையில் கிடைத்ததைச் சொல்லிக் கண் கலங்கினாள். அடுத்தது நான்.

எனக்குப் பழக்கம் விடவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். மைக் இல்லாத குறைதான். மாப்பிள்ளைக்கு நன்றி, மூன்று மாதம் முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டதற்கு. மகளுக்கு நன்றி. பேரனுக்கு நன்றி, என் மூக்கை வாங்கிக்கொண்டதற்கு. டோனா அம்மையாருக்கு, விமானத்தில் தயிர்ச்சாதம் தேடிக் கொடுத்த பெண்ணுக்கு, தினமும் கையசைக்கிற தபால்காரருக்கு என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று உட்கார்ந்தேன்.

மதி மெதுவாக, "அப்பா, அம்மா?" என்றாள்.

"அம்மாவுக்கு என்ன?" என்றேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

டோனா தன் கரண்டியை நேராக்கி வைத்தார். உலகு எழுந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆங்கிலத்தில் பேசினாள். சின்னச் சின்ன வாக்கியம். மகளுக்கு, பேரனுக்கு, மாப்பிள்ளைக்கு, டோனாவுக்கு, தன் வாத்தியாரம்மாவுக்கு. நடுவில் ஒரு இடத்தில் நின்றாள், யோசித்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். தினமும் வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்ததற்காக என் கணவருக்கு நன்றி என்றாள்.

டோனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மதி மூக்கை உறிஞ்சினாள்.

சொந்தம் என்பதால் நான் அவள் பெயரை விட்டுவிட்டேன். அவளோ என்னையும் டோனா, வாத்தியாரம்மா வரிசையில் சேர்த்து நன்றி சொல்லிவிட்டாள். நாம் எப்போது இப்படி நன்றி சொல்வோம்? விருந்து முடிந்து, வந்தவர்கள் செருப்பைத் தேடும்போதுதானே? கணக்கைத் தீர்த்து அனுப்பிவைக்கிறாளா? இல்லை, பிரியத்தில் சொன்னதா? அப்படிப் பார்த்தால் அப்படி இருக்கிறது, இப்படிப் பார்த்தால் இப்படி இருக்கிறது.

இன்னொன்று. வேலை முடிந்தால் வீட்டுக்கு வராமல் நான் வேறு எங்கே போவேன்? இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது?

சொதி இறங்கவில்லை. முதல் தடவையாகச் சோற்றை மிச்சம் வைத்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து எதுக்கு எனக்கு நன்றி சொன்ன?"

"சொல்லக் கூடாதா?"

"நான் என்ன விருந்தாளியா?"

"நீங்க எல்லாருக்கும் சொன்னீய. தபால்காரனுக்குக்கூடச் சொன்னீய. நான் ஒருத்திதான் பாக்கி."

"ஏளா, நீயும் எல்லாரும் ஒண்ணா?" என்றேன்.

என்னிடம் இருந்த பெரிய வார்த்தை அதுதான். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? அவள் முகம் இளகும் என்று பார்த்தேன். ஒரு சின்னச் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும் அத்தான். நான் வேத்தாள் இல்லன்னுதான் நீங்க சொல்லல. அது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா ஒரு நாளைக்காவது அந்த எல்லாருல ஒருத்தியா இருந்து பாக்கணும்னு இருக்கு. அவுககிட்டல்லாம் நீங்க எவ்வளவு தன்மையாப் பேசுதீய!"

எனக்குச் சுருக்கென்றது. "அதுக்கு மார்ச்சு வரைக்கும் இங்க இருக்கணுமா?"

"வகுப்புல நான் பேச எந்திரிச்சா, முடிக்கட்டும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. மேடையில பேசணும்னு சொல்லியிருக்காங்க. பேசிட்டு வாரேன்."

நான் அந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லவில்லை. பிள்ளை அழுதான், அவள் எழுந்து போனாள். மடித்த துணியில் ஒன்றைப் பிரித்து நானே மறுபடி மடித்தேன், சரியாக வரவில்லை.

நவம்பர் 30, சனி

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என் டிக்கெட்டையும் மார்ச்சுக்கு மாற்றிவிடும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். மோட்டாராவது கோலமாவது, வீடு எங்கும் ஓடிப் போகாது. பனியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். உலகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வேண்டாம் அத்தான். நீங்க போங்க."

மாப்பிள்ளை நைசாக எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"ஏன், நான் இருந்தா உனக்கு என்ன இடைஞ்சல்?"

"கோவப்படாதீய. நீங்க இருந்தா என் காது உங்க பக்கமே இருக்கும். காபி கேக்கீயளா, துண்டைத் தேடுதீயளான்னு. வகுப்புல உக்காந்திருக்கும்போதும் அதுதான் ஓடுது. நீங்க வேலை வாங்குதீயன்னு சொல்லல. என் பழக்கம் அப்படி ஆயிட்டு. கொஞ்ச நாள் அது இல்லாம இருந்து பாக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அந்த வீட்டுக்குள் போய் விளக்குப் போடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. வெளியே போன ஆள் திரும்பி வீட்டுக்கு வருவது நன்றி சொல்லும்படியான விஷயமா என்று வியாழக்கிழமை கேட்டேனே, இன்று நாளெல்லாம் அதுதான் மண்டையில் ஓடுகிறது. நான் திரும்பி வந்தேன், சரி. வந்தபோதெல்லாம் அவள் இருந்தாள். இப்போது திரும்பி வர வேண்டிய ஆள் அவள். வந்துவிடுவாயா என்று ஒரு கேள்வி. வாயில் வர மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

பெட்டி கட்டினோம். அவள் சேலைகள் இல்லாமல் பெட்டி பாதி காலியாக இருந்தது. என் டிப்போக் கூட்டாளிகளுக்கு என்று மதி சாக்லேட் வைத்து நிரப்பினாள்.

டிசம்பர் 2, திங்கள்

நாளைக் காலையில் விமானம்.

மதியம் மதியும் திருமலையும் பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உலகு வியாழக்கிழமை நான் மிச்சம் வைத்ததை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி சொதி வைத்திருந்தாள். தட்டை எடுத்தாள். நான் அதைக் கையிலிருந்து வாங்கினேன்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. வேற்றாளை உபசரிக்கும் நினைப்பில் அப்படி மரியாதையாக வந்துவிட்டது.

"என்ன அத்தான் இது?"

"உக்காருங்கம்மா. சாப்பாடு ஆறுது."

உட்கார்ந்தாள், நாற்காலி நுனியில். கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறியது இளவயதில். இருந்தாலும் கை மறக்கவில்லை. முதலில் இஞ்சிப் பச்சடி ஓரமாக, அப்புறம் உருளைக்கிழங்கு வறுவல், சோறு. சோற்றில் குழி செய்யச் சொல்லிச் சொதியை ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது. துடைக்க அவள் எழுந்தாள், நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன். கரண்டி சின்னதாக இருக்கிறது என்று மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார வைத்தேன். ஒருவர் நிற்க, தான் உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெரியவில்லை. முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

அவள் முடிக்கட்டும் என்று நின்றேன்.

மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தட்டா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஊற்றினேன். "சோறு?" போதும் என்று கையைத் தட்டின்மேல் குடையாகப் பிடித்தாள். பந்தியில் எல்லாரும் செய்வதுபோலவே செய்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்போடு கண்ணிலும் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவள் முடித்த பிறகு நான் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் போய்விடவில்லை, கை காயக் காய அங்கேயே இருந்தாள். வந்துவிடுவாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "மார்ச்சுல வந்துருவேன் அத்தான்" என்றாள்.

"ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா. பேசி முடிச்சிட்டு வா" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் தொண்டையில் சோறு அடைத்துக்கொண்டது. மேசையில் தண்ணீர் இல்லை. அவள் அதைப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது, பிறகு தளர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

நானே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவளுக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தேன்.